ஒரு கோடு போதும்

மூக்குக்குள் முக்கால் அங்குலம் போயிருந்தால் அதிகம். மாகாளி பஞ்சுக்குச்சியை விட்டான், இரண்டு சுற்று சுற்றினான், எடுத்துவிட்டான். கண் கலங்கவில்லை, தும்மல்கூட வரவில்லை. "வலிக்கலையேக்கா?" என்று வேறு கேட்கிறான். வலிக்காமல் எடுத்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமாம். குச்சியைச் சின்னக் குழாயில் முக்கிப் பிழிந்து, வெள்ளை அட்டையின் குழியில் மூன்று சொட்டு விட்டு, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, 'ஜெசிந்தா, டயாலிசிஸ், தொண்டைவலி, காய்ச்சல், 7.10' என்று நோட்டில் எழுதிவிட்டு, அட்டையை என் முன்னால் மேசையில் வைத்திருக்கிறான். பதினைந்து நிமிடம். ஒரு கோடு வந்தால் நோய் இல்லை, வேலைக்குப் போகலாம். இரண்டு கோடு வந்தால் ஏழு நாள் வீட்டில் கிடக்கலாம். இது பழைய மாவுக்கட்டு அறை. எலும்பு டாக்டர் மாடிக்குப் போனதிலிருந்து காய்ச்சல் கண்ட நர்ஸுகளுக்கு என்று ஆகிவிட்டது. ஜன்னல் திறக்காது. சுண்ணாம்பு மணம் இன்னும் போகவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இன்று எந்த மணமும் வரவில்லை. காலையில் வீட்டுக்காரர் ரைமண்ட் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன ஜெசி, சீனியைக் கொட்டிட்டியா?" என்று முகத்தைச் சுளித்தார். அதே காப்பியைத்தான் நானும் குடித்தேன். வெந்நீர் குடித்ததுபோல இருந்தது. இருபது வருடமாக ஊசி பிடிக்கிறவளுக்கு இதற்கு மேல் ஒரு அட்டை வந்து என்ன சொல்ல வேண்டியிருக்கிறது? ஆனால் இந்த ஆஸ்பத்திரியில் என் நாக்கை யாரும் நம்ப மாட்டார்கள். என் தொண்டையை நம்ப மாட்டார்கள். தெர்மாமீட்டரையே நம்ப மாட்டார்கள், "வெயில்ல பஸ்ல வந்திருப்பீங்க" என்பார்கள். அட்டை சொன்னால் மட்டும் வேதவாக்கு. சுற்றறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது. நோய்க்குறி உள்ள பணியாளர் உடனடிப் பரிசோதனை செய்துகொண்டு, இல்லை என்று வந்தால் அன்றே பணிக்குத் திரும்பலாம், மறுநாள் மறுபடி பரிசோதிக்கப்படும். மறுநாள். இந்த மறுநாளை நான் சுற்றறிக்கை வந்த இந்த மூன்று மாதத்தில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

பார்த்திருக்க வேண்டியவள் நான்தான். போன மாதம் கடைசி வரை, டயாலிசிஸுக்குப் போகுமுன், இந்த மேசைக்கு அந்தப் பக்கம் நான்தான் உட்கார்ந்திருந்தேன். இந்த முக்கால் அங்குலத்தை மாகாளிக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். சொல்லி ஒன்றும் கொடுக்கவில்லை, பக்கத்தில் நின்று பார்த்துப் பழகிக்கொண்டான். ஆண் நர்ஸுகளான இந்த பிரதர்மாரெல்லாம் கெட்டிக்காரர்கள், சொல்லாததைத்தான் சீக்கிரம் படிப்பார்கள். முதல் வாரம் நான் ஒழுங்காகத்தான் எடுத்தேன். குச்சியை உள்ளே முட்டும் வரை விட்டு, பத்து எண்ணி, கண்ணீர் வழிய வழிய எடுத்தேன். ஆறு நாளில் பதினோரு பேருக்கு இரண்டு கோடு. மேட்ரன் ஹெப்சிபா மேடம் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். நாற்காலி போட்டு உட்காரவைத்து, "ஜெசி, உங்க கை ரொம்ப அழுத்தம்னு பிள்ளையள் சொல்லுதாவ. ரத்தம் வருதாம். கொஞ்சம் மெதுவா எடுங்களேன்" என்றார். அவ்வளவுதான். பிள்ளைகள் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறுநாளிலிருந்து என் கை மெதுவாகிவிட்டது. அடுத்த வாரம் இரண்டே பேருக்குத்தான் இரண்டு கோடு. ஆஸ்பத்திரியில் நோய் குறைந்துவிட்டது என்று தொற்றுத் தடுப்புக் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினார்கள். எனக்குக் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்று வணக்கம் சொன்னேன். வெட்கம் கெட்ட ஜென்மம், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றேன். அப்படியும் சில அட்டைகள் அடங்காது. பத்து நிமிடம் வரை ஒரு கோடாக இருந்துவிட்டு, பன்னிரண்டாவது நிமிடம் இரண்டாவது கோடு மெல்ல வெளிறிய சிவப்பில் எட்டிப் பார்க்கும். அதற்கு நாங்கள் நிழல் என்று பெயர் வைத்தோம். யார் முதலில் சொன்னதென்று ஞாபகமில்லை, நானாகத்தான் இருக்கும். நிழல் கோடு ஆகாது என்று மேட்ரன் சொன்னார். அதற்கப்புறம் பத்து நிமிடத்திலேயே அட்டையைப் பார்த்துவிடுவது என்று வழக்கமாகிவிட்டது. பெட்டியில் பதினைந்து என்று அச்சடித்திருக்கிறது. அச்சடித்தவன் எங்கள் வார்டுக்கு ஆள் அனுப்புவானா?

ஏழு பதினான்கு. ஒரு கோடு வந்துவிட்டது. அது எப்படியும் வரும், அட்டை கெட்டுப்போகவில்லை என்று சொல்கிற கோடு. எச்சில் விழுங்கினால் தொண்டைக்குள் கல் உருளுகிறது. முதுகில் குளிர். மாகாளி அடுத்த பெட்டியைப் பிரித்துக்கொண்டே, "நம்ம கை ராசியான கைக்கா, இந்த வாரம் ஒருத்தருக்கும் ரெண்டு வரல" என்கிறான். ராசியாம். முப்பத்தைந்து வயது, இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன், தன் வேலை என்னவென்று இன்னும் விளங்கவில்லை. இவனைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. ஆனாலும், "சரியா எடுப்பா, இன்னொரு தடவை எடு" என்று நான் சொன்னேனா? சொல்லவில்லை. மூக்கை நீட்டிக்கொண்டு இருந்தேன். அவன் குச்சியை வெளியே எடுத்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. வலிக்குப் பயந்து இல்லை. பேச்சித்தாய்க்காக. அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். பேச்சித்தாய்க்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகி ஒரு வருடத்தில் இரண்டு சிறுநீரகமும் போய், தாய்வீட்டுக்குத் திரும்பி, இரண்டு வருடமாக எங்களிடம் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அவளுடைய அம்மா ஒரு சிறுநீரகம் கொடுக்கிறாள். அதற்குள் இவளுக்குக் காய்ச்சல் வரக் கூடாது, சளி பிடிக்கக் கூடாது, ஒரு கொப்புளம் வரக் கூடாது. வந்தால் தேதி தள்ளிப்போகும். அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, ரத்தக்கொதிப்பு இப்போதுதான் மாத்திரையில் நிற்கிறது. தள்ளிப்போனால் டாக்டர்கள் மறுபடி ஒத்துக்கொள்வார்களோ என்னவோ. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு அவள் முகத்துக்கு ஒரு முழத்தில் குனிந்து நிற்கப் போகிறேன். ஏனென்றால் அவள் கையில் ஊசி ஏற்ற என்னால் மட்டும்தான் முடியும்.

என்னால் மட்டும்தான். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் பொய். அவள் இடது கையில் ஆபரேஷன் செய்து நரம்பைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார்கள். விரலை வைத்தால் உள்ளே உறுமுவது தெரியும். ஆனால் அந்த நரம்பு முழங்கைக்குக் கீழே ஒரு இடத்தில் சட்டென்று திரும்பி ஆழத்தில் போய்விடும். அந்தத் திருப்பம் என் விரலுக்குத் தெரியும். ஊசியைக் கொஞ்சம் சாய்த்து, மூச்சைப் பிடித்து, ஒரே தள்ளு. மற்றவர்கள் புத்தகத்தில் படித்ததுபோல நேராகக் குத்துவார்கள். எட்டு மாதம் முன்னால் ரூபாவதி குத்தினாள். நரம்பு கிழிந்து, கை தோள் வரை நீலமாகி வீங்கி, பத்து நாள் கழுத்தில் குழாய் போட்டுத்தான் ரத்தம் சுத்தம் செய்தார்கள். கழுத்துக் குழாய் என்றால் கிருமிக்கு வாசல் திறந்து வைத்ததுபோல. அதிலிருந்து பேச்சி என்னைத் தவிர யாரையும் தொட விட மாட்டாள். "ஜெசியக்கா குத்துனாக் குத்தட்டும், இல்லைன்னா நான் வீட்டுக்குப் போறேன், ஆமா" என்று சட்டமாகச் சொல்லிவிடுவாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே இனிக்கும். வெளியே, "ச்சே, அப்படிச் சொல்லக் கூடாதும்மா, எல்லாரும் ஒண்ணுதான்" என்பேன். எல்லோரும் ஒன்று இல்லை. ரூபாவதிக்கு வாய்தான் நீளம், கை கிடையாது. தலைக்குப் பூ வைத்துக்கொண்டு டியூட்டிக்கு வருவாள். ஊசி குத்தும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள், பார்க்கிற நோயாளிக்குப் பயம் வராதா? இன்று நான் வீட்டுக்குப் போனால் அவள்தான் குத்துவாள், கை மறுபடி வீங்கும், கழுத்தில் குழாய் போடுவார்கள், வெள்ளிக்கிழமை போயிற்று. நான் உள்ளே போனால்? இரண்டு மாஸ்க் போட்டுக்கொள்வேன். மூச்சைப் பிடித்துக்கொள்வேன். இரண்டு ஊசி, நாலு நிமிடம். நாலு நிமிடத்தில் என்ன ஆகிவிடும்? இதே நாலு நிமிடத்தை வேறொரு நர்ஸ் என்னிடம் சொல்லியிருந்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன்.

தள்ளியிருப்பேனா? ரூபாவதி வந்தாளே. போன மாதம் ஐந்தாம் தேதி, இதே நாற்காலியில். கண்ணெல்லாம் சிவந்து, "எக்கா, மேலெல்லாம் வலிக்கு, நிக்க முடியல, என்னைய வீட்டுக்கு அனுப்பிருங்க" என்று அழுதாள். நான் என்ன நினைத்தேன்? அவளுடைய அத்தை மகளுக்குக் கல்யாணம் என்று முந்தின வாரம் பேசிக்கொண்டிருந்தாள், நடிக்கிறாள் என்று நினைத்தேன். முக்கால் அங்குலம். பத்தாவது நிமிடம் ஒரு கோடு, மேட்ரன் முத்திரை குத்திவிட்டுப் போனார். அவள் எழுந்து போனபிறகு அட்டையில் நிழல் வந்தது. பார்த்தேன். வாசலுக்குப் போய், "ஏட்டி, நில்லு" என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். அட்டையைக் கழிவு போடுகிற மஞ்சள் பையில் போட்டேன். ஒன்பது நாள் கழித்து இரண்டாம் நம்பர் நாற்காலி சண்முகவேல் செத்துப்போனார். ரிட்டையரான கண்டக்டர், டயாலிசிஸ் அறைக்குள் வரும்போதே, "உள்ள போ, உள்ள போ" என்று தன்னைத்தானே விரட்டிக்கொண்டு வருவார், எல்லோரும் சிரிப்போம். நெஞ்சில் சளி கட்டி மூன்று நாள் செயற்கை மூச்சில் இருந்தார். அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பஸ்ஸில் வருகிறார். டீக்கடையில் நிற்கிறார். அப்படித்தான் குறிப்பில் எழுதினார்கள், வெளித்தொற்று. வெளியே என்றால் எங்கே? அவர் மனைவி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாப் பாத்துக்கிட்டியம்மா, மகராசியா இரு" என்றாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை. இருக்கிறேன், மகராசியாகத்தான் இருக்கிறேன். அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏழு இருபது. செருப்புச் சத்தம். பத்தாவது நிமிடம் என்றால் மேட்ரனுக்குக் கடிகாரம் வேண்டாம். வாசலிலேயே நின்றுகொள்கிறார், உள்ளே வர மாட்டார். காய்ச்சல் அறைக்குள் அவர் காலெடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. எங்கள் நோய் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. மாகாளி அட்டையை ஒரு தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு போய்க் காட்டுகிறான், சாமிக்கு நைவேத்தியம் காட்டுகிற மாதிரி. மேட்ரன் கண்ணாடியை மேலே தள்ளிப் பார்க்கிறார். "ஒண்ணுதான். நல்லதாப் போச்சு ஜெசி. இன்னைக்கு டயாலிசிஸ்ல ரெண்டு பேர் லீவு. நீங்களும் படுத்துட்டியன்னா நான் எங்க போவேன்?" நான், "காய்ச்சல் நூத்தி ஒண்ணு இருக்கு மேடம்" என்கிறேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "ஒரு பாராசிட்டமால் போட்டுக்கிடுங்க. ரெண்டு மாஸ்க் போடுங்க. நாளைக்கு மறுபடி பாத்துக்கிடுவோம்." நாளைக்கு. சீட்டில் முத்திரை விழுகிறது. பணிக்குத் தகுதி. இந்த அம்மாளை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஞாயிறு ஆராதனையில் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். ஆனால் நான் என்ன செய்கிறேன்? "தேங்க்ஸ் மேடம்" என்கிறேன். பின்னால் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து அதே பாட்டைப் பாடுகிறவள்தானே நான்.

மேட்ரன் போய்விட்டார். எழுந்து பையை எடுக்கிறேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்க்கிறேன். வந்துவிட்டது. முதல் கோட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, மெலிதாக, ஆனால் ஓரம் வெட்டினாற்போலத் தெளிவாக. முக்கால் அங்குலத்துக்கே இப்படி என்றால் உள்ளே எவ்வளவு இருக்கும்? மாகாளியும் பார்க்கிறான். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "நிழல்தான்க்கா" என்கிறான். என்னிடம் படித்த பாடத்தை எனக்கே ஒப்பிக்கிறான். கொஞ்சம் பொறுத்து, தணிந்த குரலில், "வேணும்னா மேடத்தக் கூப்பிடட்டுமா?" என்றும் கேட்கிறான். அதை நான் எதிர்பார்க்கவில்லை. நான் ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை. இந்த மனிதன் என்னைவிட ஒரு விரல்கடை மேல் என்று தெரிந்ததும் அவன் மேல் இன்னும் கோபம் வருகிறது. "பேச்சிக்கு நேரமாச்சு, தூரப் போடு" என்கிறேன். மஞ்சள் பையில் விழுகிறது. பையின் வாயைக் கட்டி அவன் எடுத்துக்கொண்டு போவதையும் நின்று பார்த்துவிட்டுத்தான் புறப்படுகிறேன்.

தாழ்வாரம் நீளம். இரண்டு மாஸ்க்குக்குள் என் மூச்சு எனக்கே சுடுகிறது. நாலு நிமிடம். முதல் ஊசி கீழே, இரண்டாவது மேலே. பேச்சியிடம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள் என்று சொல்லலாம். ஏன்க்கா என்பாள். வெங்காயம் சாப்பிட்டேன் என்று சொல்லலாம். சிரிப்பாள். பொய் எவ்வளவு லேசாக வருகிறது எனக்கு. அவளுக்கு வந்தால் அவள் அம்மாவுக்கும் வரும், ஒரே வீடு. ஆனால் கை வீங்கினால்? கை வீங்கினால் அது என் தப்பு இல்லை, காய்ச்சல் வந்தால் அது என் தப்பு என்று யாருக்கும் தெரியாது. இரண்டில் எது எனக்கு நல்லது என்று கணக்குப் போடுகிறேனா? இல்லை, அவளுக்கு எது நல்லது என்றுதான். என்னைத் தவிர யாரும் அந்தத் திருப்பத்தில் ஊசியைத் திருப்ப முடியாது. யாரும் முடியாது. இதைச் சொல்லிக்கொண்டே டயாலிசிஸ் கதவு வரை வந்துவிட்டேன். பாதிக் கதவு கண்ணாடி. உள்ளே ஆறாம் நம்பர் நாற்காலியில் பேச்சித்தாய். இடது கை மெத்தையில். இரண்டு ஊசியும் உள்ளே. இரண்டு குழாயிலும் ரத்தம் சீராக ஓடுகிறது. மெஷினில் பச்சை விளக்கு. வீக்கம் இல்லை, நீலம் இல்லை. பக்கத்தில் பூவும் தலையுமாக ரூபாவதி நின்று பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். பேச்சி அவளிடம் என்னவோ சொல்லிச் சிரிக்கிறாள். எனக்காகக் காத்திருக்கவில்லை. எட்டு மாதம் ரூபாவதி யார் யார் கையிலோ பழகியிருக்கிறாள், உதட்டைக் கடித்துக்கொண்டு பழகியிருக்கிறாள், நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வர வேண்டியது சந்தோஷம்தானே? வரவில்லை. முதலில் வந்தது பொறாமை, குழாய் கழன்று விழாதா என்றுகூட ஒரு நொடி நினைத்துவிட்டேன். அதற்கு அப்புறம்தான் தெரிந்தது. பேச்சிக்காக இல்லை. ஜெசியக்கா குத்துனாக் குத்தட்டும் என்று இன்னொரு தடவை கேட்க வேண்டும், அதற்காக இந்த மூச்சை அவள் முகத்தில் விடப் போயிருக்கிறேன். என்னைப்போல ஒரு அற்பத்தை நான் இந்த ஆஸ்பத்திரியில் பார்த்ததில்லை, மேட்ரனையும் சேர்த்துத்தான்.

"ஏன் வெளியவே நிக்கிய?" மேட்ரன் பின்னால் நிற்கிறார். "இங்க ரூபா பாத்துக்கிட்டா, பரவாயில்ல. நீங்க பச்சப்பிள்ள வார்டுக்குப் போயிருங்க, அங்க ஆளே இல்ல." பச்சைப்பிள்ளை வார்டு. குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் ஒன்றரைக் கிலோக்கள். "ரெண்டு கோடு மேடம்" என்கிறேன். "என்ன?" "நீங்க போனப்புறம் ரெண்டாவது வந்துட்டு." அவர் கண்ணாடியை மேலே தள்ளுகிறார். "அட்டையக் காட்டுங்க." "தூரப் போடச் சொல்லிட்டேன்." "அப்ப ஒண்ணுதான்" என்கிறார் மேட்ரன். கோபமே இல்லாமல், நோட்டில் இருப்பதை வாசிக்கிற குரலில் சொல்கிறார். "நான் என் கண்ணால பாத்து சீல் வச்சிருக்கேன். போங்க, குழந்தையளுக்குப் பால் நேரமாச்சு." நியாயம்தான். பேச்சுக்குச் சாட்சி இல்லை, சாட்சியைப் பையில் கட்டி அனுப்பவைத்தவள் நானே. கையில் சீட்டு இருக்கிறது, பணிக்குத் தகுதி. கால் பச்சைப்பிள்ளை வார்டு பக்கம் திரும்பிவிட்டது, பழகின கால். தாழ்வாரத்து பெஞ்சில் டயாலிசிஸ்காரர்களின் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், தூக்குவாளியும் பிளாஸ்குமாக. ஓரத்தில் பேச்சியின் அம்மா. என்னைப் பார்த்ததும் எழுந்து, கும்பிடப்போகிற கையோடு கிட்டே வருகிறாள். "வராதிய!" என்று கத்துகிறேன். தாழ்வாரம் முழுக்கக் கேட்கிறது. "எனக்கு நோய் இருக்கு. ரெண்டு கோடு. கிட்ட வராதிய, எல்லாரும் தள்ளிப் போங்க." யாரும் அட்டை கேட்கவில்லை. சீட்டைப் பார்க்கவில்லை. பதினைந்து நிமிடம் காத்திருக்கவும் இல்லை. பெஞ்சு மொத்தமும் எழுந்துவிட்டது. ஒருத்தி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டிப் போகிறாள். பேச்சியின் அம்மா சேலைத் தலைப்பால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே பின்னால் நகர்கிறாள், பத்து அடி, பதினைந்து அடி. மேட்ரனும் நகர்ந்துவிட்டார். நடுத் தாழ்வாரத்தில் நான் மட்டும் நிற்கிறேன். வாசல் வரை வழி காலியாகக் கிடக்கிறது.